உங்கள் தீர்மானத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

சேலம் டவுனில் எங்கள் பகுதி விசைத்தறி உரிமையாளர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஆடியில் நம் பட்டறையில் தறி ஓட்டிய ஒருவர் தற்கொலை செய்துகொண்டபின், ஆவணி முதல் ஞாயிறு நீங்கள் கூடிப் போட்ட தீர்மானத்தின் நகல் டீக்கடைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. மழையில் நனைந்து ஒரு ஓரம் கிழிந்துவிட்டது. கிழியாத பகுதியில் மூன்று விஷயம் படிக்க முடிகிறது. தற்கொலைக்கு முயன்றவர்கள், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரையும் இனிமேல் பட்டறையில் சேர்க்கக் கூடாது, ஏற்கெனவே இருந்தால் கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டும் என்பது ஒன்று. புதிதாக வருகிறவரிடம், தனக்கு எது நேர்ந்தாலும் முதலாளி பொறுப்பில்லை என்று எழுதி வாங்க வேண்டும் என்பது இரண்டாவது. இறந்துபோனவரின் முன்பணப் பாக்கியைக் குடும்பத்திடம் வசூலிக்க வேண்டும், வாரிசு தறிக்கு வந்தால் வாரக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது.

முதல் தீர்மானத்தின்படி நீங்கள் என்னை உடனே நிறுத்தியாக வேண்டும்.

22 வருடமாக உங்கள் பட்டறைகளில் ஸ்பானர் பிடிக்கிறவன் நான். எந்தத் தறி எந்த மழைக்கு மக்கர் செய்யும் என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் ஐப்பசியில் பதினெட்டு நாள் நான் வேலைக்கு வரவில்லை, நினைவிருக்கிறதா? மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தேன். உங்களில் இரண்டு பேர் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தீர்கள். என் மனைவி அதை அரைத்து வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். அது மஞ்சள் காமாலை இல்லை ஐயா. நான் சாக முயன்று அரசு ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தவன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டேன். அந்த ஒன்றரை வருடத்தில் எத்தனை தறியைக் கழற்றி மாட்டினேன் என்பது உங்கள் வவுச்சர் புத்தகங்களிலேயே இருக்கும். ஒரு போல்ட்டாவது விட்டுப்போனதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இதை என் மகளுக்கும் இத்தனை நாள் சொல்லவில்லை. நேற்று ராத்திரி சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆடியில் நம்மைவிட்டுப் போன தம்பியைப் பற்றிக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சங்கக் கட்டடத்துக்குக் கீழே உள்ள பட்டறையில் அப்போது மோட்டாருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிறு என்பதால் தறி ஓடவில்லை. மாடியில் பேசியது ஒன்றுவிடாமல் கேட்டது. “குடிகாரன்” என்றார் ஒருவர். “ரம்மி ஆடுவான்” என்றார் இன்னொருவர். “பொண்டாட்டிகூட எந்நேரமும் சண்டை” என்றார் மூன்றாமவர்.

மூன்றும் பொய்யில்லை. குடித்தான். ஆன்லைன் ரம்மியில் இரண்டு மாதக் கூலியைத் தொலைத்தான். வீட்டில் கை நீட்டிய நாளும் உண்டு, அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் ஒரு மனிதன் செத்ததற்கு ஒற்றைக் காரணத்தைப் பொறுக்கி எடுத்து, நல்லவேளை அது நம் பட்டறைக்கு வெளியே இருக்கிறது என்று மூச்சு விடுவது சரியா? உங்கள் முன்பணம்தான் அவனைக் கொன்றது என்றும் நான் சொல்ல வரவில்லை. என் விஷயத்திலேயே எது காரணம் என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது. தூக்கம் போனது, கடன் இருந்தது, அப்பா இறந்த வருஷம், தொட்டதெல்லாம் வீண் என்று தோன்றியது. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஆடி பிறந்தால் வண்டி வேடிக்கைக்கு வேஷம் கட்டுகிறவர்களில் அவன் பெயர்தான் முதலில் இருக்கும். பெரும்பாலும் முருகன். ஒரு வருஷம் ராவணன் கட்டி, பத்துத் தலையையும் தோளில் சுமந்துகொண்டு மூன்று மணி நேரம் வண்டிமேல் அசையாமல் நின்றான். இறங்கியபின் இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை, அப்படியே கோணலாக வந்து தறி ஓட்டினான். இந்த வருஷம் கூப்பிட்டதற்கு, “வேண்டாண்ணா, வயசாயிருச்சு” என்றான். 36 வயது.

அடுத்து, டீக்கடைக் கணக்கைத் தீர்த்தான். 1,140 ரூபாய், பைசா பாக்கியில்லாமல். கடைக்காரர் எங்கள் எல்லோரிடமும் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டி, “இவனப் பாத்துக் கத்துக்குங்க” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கு மறுநாள் தன் செல்போனைப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். வாரக்கணக்கில் தூங்காத கண்.

இதெல்லாம் அடையாளம் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி இருந்தவன். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால், ‘உனக்கு எப்படிண்ணா தெரியும்’ என்று அவன் திருப்பிக் கேட்பான், என் கதை வெளியே வரும், வேலை போகும் என்கிற பயம். ஆகவே இந்த மடலில் முதலில் குற்றம் சாட்ட வேண்டியது என்னைத்தான். ஆனால் எனக்கு வந்த அந்தப் பயத்தை நீங்கள் இப்போது தீர்மானமாக எழுதி, முத்திரை குத்தி, சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். இனி ஒருத்தன் மாத்திரை வாங்கப் போவானா? கூட வேலை செய்கிறவனிடம் வாய் திறப்பானா? மறைப்பான். நன்றாக மறைக்கத் தெரிந்தவன் உங்கள் கண்ணுக்கு நல்ல ஆளாகத் தெரிவான், டீக்கடைக் கணக்கைத் தீர்த்தவன் எங்களுக்குத் தெரிந்த மாதிரி.

பட்டறைக்குள் நாங்கள் பேசுவது கையாலும் உதட்டாலும்தான். நாற்பது தறி அடிக்கிற சத்தத்தில் வேறு வழியில்லை. நூல் அறுந்தது, தார் (நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தது, கரண்டு போகப்போகிறது, டீ வந்தாச்சு, முதலாளி வருகிறார் என எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. ‘என்னால முடியல’ என்பதற்கு ஒன்று கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் அப்படி நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் ஒரே அறை, அதில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும். பகல் ஷிப்ட் எட்டு மணிக்கு முடிகிறது. அந்த நேரத்துக்கு எங்களுக்காகத் திறந்திருப்பது டாஸ்மாக் ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரியில் புற நோயாளிச் சீட்டு காலையில் கொடுக்கிறார்கள். பகல் ஷிப்ட்காரனுக்கு அன்றைய கூலி போகும், ராத்திரி ஷிப்ட்காரனுக்குத் தூக்கம் போகும். பெண்களுக்குக் கஷ்டம் குறைவு என்று சொல்லவில்லை. ஆனால் குழாயடியிலாவது, பாவு (தறியின் நீளவாட்டு நூல்) சுற்றுகிற இடத்திலாவது அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நாங்கள் கிரிக்கெட் பேசுவோம்.

அன்று கூட்டத்தில் செயலாளர் ஐயா ஒன்று சொன்னீர்கள்: “சாகணும்னு முடிவு பண்ணவன யாரு தடுக்க முடியும்?” படியேறி வந்து உங்கள் முன் நிற்கலாமா என்று பார்த்தேன். கையெல்லாம் கிரீஸ். வரவில்லை.

தடுக்க முடியும் ஐயா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் மாதம் மறுபடியும் நான் அதே எண்ணத்துக்குப் போய்விட்டேன். அதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, பாவு பிணைக்க வருகிற அக்கா. குனிந்து நூலைப் பிணைத்துக்கொண்டே, “ஏம்ப்பா, மூணு நாளா தறியத் திட்டவே மாட்டேங்கறயே? செத்துப்போயிடலாம்னு ஏதாச்சும் நெனப்பு வருதா?” என்று நேராகக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்படிக் கேட்டால் எண்ணம் இல்லாதவனுக்கும் எண்ணத்தைக் கொடுத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டாக்டர்கள் சொல்வது நேர் எதிர்: நேராகக் கேட்பது யாரையும் சாவுக்குத் தள்ளாது, மனசில் இருக்கிறவனுக்கு அதை வெளியே சொல்ல வழி கிடைக்கும். அந்த அக்கா எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளை நினைத்துப் பார் என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பஸ்ஸில் என்னோடு வந்து, சீட்டு எடுத்து, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்றைய கூலி போனது. இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

ஒருத்தன் கதையை வைத்து ஊருக்கு நியாயம் பேசாதே என்பீர்கள். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். அங்கே கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த 20 வருடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அந்தக் கொடிய மருந்து கைக்கு எட்டாதபோது பலர் பிழைத்து வாழ்ந்தார்கள். அந்த எண்ணம் ஒரு அலை மாதிரி எழும்பும், வடியும். எழும்பி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இது புத்தகத்தில் படித்தது இல்லை, எனக்கு நடந்தது.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை நேற்று அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர்கள். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான், 19,834 பேர். வாசித்துக்கொண்டே வந்தவள், “இதுல ஒன்னா நீ இருந்திருப்பப்பா” என்றாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

இதைத் தொழிலாளி, முதலாளி என்று பிரித்துப் பார்க்காதீர்கள். உங்களில் ஒருவர் (பெயர் என்னோடு இருக்கும்) போன வருடம் ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, “இந்த எட்டுத் தறியையும் எடைக்குப் போட்டா எவ்வளவு தேறும்?” என்று கேட்டார். நூல் விலை ஏறிக் கிடந்தது, துணிக்கு ஆர்டர் இல்லை, கரண்டு பில் கட்ட நாளை கடைசி நாள். பாதி சொல்லும்போதே மோட்டார் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அன்று விடியும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன். இன்று அவர் டாக்டரைப் பார்க்கிறார். சேலத்தில் பார்த்தால் யார் கண்ணிலாவது படும் என்று ஈரோட்டுக்கு பஸ் ஏறிப் போய் வருகிறார். அவரும் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எந்த மனநிலையில் போட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். “போலீஸ் கேஸ் ஆயிடும், அந்த வம்பு நமக்கெதுக்கு” என்று ஒருவர் சொன்னார். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பிரிவு 115 என்ன சொல்கிறது என்றால், வேறுவிதமாக நிரூபிக்காதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. அரசாங்கமே குற்றம் இல்லை என்று விட்டதை நீங்கள் சுவரொட்டி அடித்துக் குற்றமாக்குகிறீர்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதே 2017 சட்டம் கொடுத்திருக்கிறது. எவன் மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டுப் பிரித்தெடுக்க உங்களுக்கு என்ன அதிகாரம்?

பொருளாளர் ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காரியம் முடிந்த மறுநாள் நீங்கள் அனுப்பிய ஆள் அந்த வீட்டு வாசலில் நின்று, 62,000 ரூபாய் பாக்கி என்று நோட்டைக் காட்டியிருக்கிறார். பன்னிரண்டாவது படிக்கிற பையனைப் பார்த்து, “நீ தறி கத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துல கழிஞ்சுரும்” என்று சொல்லியிருக்கிறார். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. முன்பணத்துக்கு ஈடாக ஆளை உழைக்க வைப்பதும், தகப்பன் வாங்கியதற்கு மகனை வேலைக்கு இறக்குவதும்தான் அந்தச் சட்டம் ஒழித்த முறை. அந்தப் பையன் அப்பா கொடுத்த செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். உங்கள் ஆள் அதையும் கேட்டிருக்கிறார், “இது என்ன வெல தம்பி?” என்று.

இனி என் கோரிக்கைகள்.

அந்த மூன்று தீர்மானங்களையும் ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததை அதே டீக்கடைச் சுவரில், அதே அளவுத் தாளில் ஒட்டுங்கள். காதோடு காதாகச் சொல்லிவிட்டால் போதாது.

அந்தக் குடும்பத்தின் 62,000 ரூபாயைத் தள்ளுபடி செய்து, நோட்டில் அந்தப் பக்கத்தில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டு, அதன் நகலை அவர் மனைவி கையில் கொடுங்கள். பையனைத் தேடி யாரும் போகக் கூடாது. அவன் பொதுத்தேர்வு எழுதட்டும்.

முன்பணம் கொடுக்கிற பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். நிறுத்தினால் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்கள் கந்துவட்டிக்குத்தான் போவோம். ஆனால் கூலியில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். எவ்வளவு பிடித்தீர்கள், எவ்வளவு மீதம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனவன் கையில் ஒரு சீட்டு கொடுங்கள். பாக்கி எவ்வளவு என்று தெரியாமல் விழித்துக் கிடக்கிற ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யப் பட்டறைச் சான்று கேட்டு வந்தால் இழுத்தடிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். இறந்தவர் மூன்று முறை கேட்டு வந்தார், பதிவில்லாமலே போய்விட்டார்.

சங்கக் கட்டடத்தின் மாடி ஹால் வருடத்தில் நான்கு நாள்தான் திறக்கிறது. சனிக்கிழமை கணக்கு முடிந்தபின் சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை அதைத் திறந்து வையுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்துக்கு எழுதி, மாதம் ஒரு சனிக்கிழமையாவது ஒரு டாக்டரையோ ஆலோசகரையோ அங்கே வரச் சொல்லிக் கேளுங்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் கேட்டால் மதிப்பார்கள், நான் தனியாகக் கேட்டால் மனு கட்டோடு கட்டாகப் போகும். மற்ற சனிக்கிழமைகளில் நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். பாவு பிணைக்கிற அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேரம் போர்டு என் செலவு.

ஒவ்வொரு பட்டறையிலும் ஃப்யூஸ் பாக்ஸ் பக்கத்தில் 14416 என்ற எண்ணைப் பெயின்டால் எழுதி வையுங்கள். அது டெலி மானஸ் என்கிற மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது, காசு கிடையாது, நாள் முழுக்க எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். கீழே 104 என்றும் எழுதுங்கள், அது நம் மாநில அரசின் மருத்துவ உதவி எண். எண்ணை மட்டும் எழுதினால் போதாது. பட்டறைக்குள் போன் பேச முடியாது. ஒருத்தன் சைகை காட்டினால் கால் மணி நேரம் வெளியே விடுங்கள், அதற்குக் கூலி பிடிக்காதீர்கள். என்ன சைகை என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அதற்குள் ஹாலைத் திறந்தால் நல்லது. நவம்பர் 19 உலக ஆண்கள் தினமாம், மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு எங்களுக்கு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டாம். நிர்வாகிகள் ஒன்பது பேரின் கும்பிட்ட கையும் வெள்ளைச் சட்டையும் தீபாவளிக்கே பார்த்துவிடுகிறோம். அந்தக் காசுக்கு ஹாலுக்கு இரண்டு ஃபேன் வாங்கிப் போடுங்கள்.

புரட்டாசி முதல் ஞாயிறு உங்கள் அடுத்த கூட்டம். அதில் பேச எனக்குப் பத்து நிமிடம் வேண்டும். இந்த முறை கீழே நின்று கேட்கப் போவதில்லை.

வரும் திங்கட்கிழமை தலைவர் ஐயாவின் பட்டறையில் ஆறு தறிக்குச் சர்வீஸ் இருக்கிறது. ஏழரைக்கு வந்துவிடுவேன். தீர்மானத்தின்படி நான் வரக் கூடாது என்றால் ஞாயிறு ராத்திரிக்குள் ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். ஸ்பானர் பையை அங்கேயேதான் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தறி மெக்கானிக்